சங்கக் கடைச் சுவரில் ஒரு பட்டியல்

“26.7.83 செவ்வாய். 2.50 புகை. 3.25 சந்துக்குள் வந்தார்கள். கையில் தாள். ரேடியோ பொன்னுசாமி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யார் எழுதிய தாள்?”

அப்பாவின் கையெழுத்து. பிறப்புப் பதிவு விண்ணப்பப் படிவம் ஒன்றின் பின்பக்கம். பென்சிலில் எழுதியது. கடைசிக் கேள்வியின் கீழே இரண்டு கோடுகள். ஒன்று பென்சில். மற்றது நீலப் பேனா. ஆகவே இரண்டாவது கோடு வேறொரு நாளில் போட்டது. எந்த நாள் என்று தெரியாது. போன வருடம், அப்பாவின் பதினாறாம் நாள் கருமாதி முடிந்த பிறகு, அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தேன்.

நேரங்களை என் நினைவோடு ஒப்பிட்டேன். 2.50 சரி. 3.25 என்பதில் எனக்கு ஐந்து நிமிட வித்தியாசம் உண்டு. கைக்கடிகாரம் அப்பாவிடம்தான் இருந்தது. அவருடைய நேரத்தையே வைத்துக்கொள்கிறேன்.

ஓடுகிறோம். அம்மா முன்னால். நான் நடுவில். அப்பா பின்னால். எனக்குப் பதினேழு வயது. காலில் செருப்பு இல்லை. பின்கட்டிலிருந்து மேலே ஏறும் படி பதினான்கு. ஈரம். பாசி. அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். கீழே பேராதனை வீதியில் கடைக் கதவுகளின் ஷட்டர்கள் இறங்கும் சத்தம். பிறகு கண்ணாடி உடையும் சத்தம். முதலில் ஒன்று. பிறகு தொடர்ச்சியாக.

“மேல ஓடுங்க! நிக்காதீங்க! கீழ முனைக்கு வந்துட்டாங்க!”

பொன்னுசாமி அண்ணனின் குரல். சந்தின் மறுபக்கம், எங்கள் வாசலுக்கு நேர் எதிரே அவர் வீடு. முன்னறையில் ரேடியோ திருத்தும் கடை. அவர் கத்தியதால்தான் நாங்கள் ஓடினோம். அவர் ஓடவில்லை.

அப்பா படியில் நின்று திரும்பிக் கத்தினார். “பொன்னுசாமி! நீயும் வாப்பா!”

“ஊரான் ரேடியோ கெடக்குண்ணே! அத வெளிய எடுத்து வச்சுட்டு வாறேன்!”

அதுதான் அவரிடமிருந்து நாங்கள் கேட்ட கடைசி முழு வாக்கியம்.

கொழும்பு திங்கட்கிழமை அதிகாலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. வடக்கில் பதின்மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள், அதற்குப் பழி என்றார்கள். கண்டியில் திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய் காலை அப்பா வழக்கம்போல வேலைக்குப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார். அவர் மேசையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த ஒரே நாள் அது.

அப்பா பெட்டிசம், மனு எழுதுபவர். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் ஒரு மடக்கு மேசை, ஒரு கதிரை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுவார். புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் நேரே அவரிடம் வருவார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம். கலியாணப் பதிவு. பிரஜாவுரிமை விண்ணப்பம். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த நாங்கள் நாடு இல்லாதவர்களாக எண்ணப்பட்ட காலம். ஒரு தாளுக்காகப் பத்து வருடம் நடந்தவர்கள் இருந்தார்கள்.

நாங்கள் இருந்தது குசுமா நோனாவின் வீட்டுப் பின்கட்டில், வாடகைக்கு. நோனா சிங்களவர். ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இல்லை. பதினான்காவது படியின் உச்சியில் அவருடைய தேங்காய் அறை. எங்களை உள்ளே தள்ளினார். வெளியே பூட்டினார். பூட்டின் சத்தம் கேட்டது. சாவியை இழுக்கும் சத்தம் கேட்டது.

அறையில் காற்றுக்கு ஒரு துளைக்கல் பதித்திருந்தார்கள். ஒன்பது துளைகள். தேங்காய்க் குவியலின் மேல் முழந்தாளிட்டால் நடுத்துளையில் சந்து தெரியும். முழுச் சந்து அல்ல. எங்கள் வாசல் கேட். பொன்னுசாமி அண்ணனின் கதவில் பாதி. அதற்குக் கீழே ஒரு கை அகலம் தெரு. நான் பார்த்ததெல்லாம் இந்த அளவுக்குள்தான். இதற்கு வெளியே நடந்தது எதையும் பார்த்ததாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வருகிறார்கள். முப்பது பேர் இருக்கலாம். சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். கண்ணில் பட்டவர்கள் எட்டுப் பேர். ஒருவரையும் எனக்குத் தெரியாது. முன்னால் வந்தவன் வெள்ளைச் சட்டை. கையில் தாள். நாலாக மடித்துப் பிரித்த தாள். மடிப்புக்கோடு தெரிந்தது. தாளைப் பார்த்தான். கேட்டில் இருந்த இலக்கத் தகட்டைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

நோனா கேட்டுக்கு உட்புறம் நின்றார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

“மே மகே கெதர!” இது என் வீடு.

ஒருவன் கல்லை ஓங்கினான். வெள்ளைச் சட்டை அவன் கையைத் தட்டிவிட்டான். தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். தலையை ஆட்டினான். போய்விட்டார்கள். நோனா சொன்னதற்காகப் போகவில்லை. தாளில் அந்த இலக்கத்துக்குத் தமிழ்ப் பெயர் இல்லை. அதற்காகப் போனார்கள்.

எங்கள் பெயர் ஏன் அதில் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிறகு எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். ஒரு குரல் உரக்கக் கூப்பிட்டது.

“ரேடியோ பொன்னுசாமி கோ?”

எங்கே என்று கேட்கிறான். என் தோளுக்குப் பின்னால் அப்பா அசைந்தார். தேங்காய் ஒன்று உருண்டது. அம்மா அவர் வாயைப் பொத்தினாள். அப்பா எழுந்தார். கதவு வெளியே பூட்டியிருந்தது. கதவில் கை வைத்தார். தள்ளவில்லை. தட்டவில்லை. வைத்த கையை எடுக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இதைச் சொல்வது அவரைக் குறை சொல்வதற்காக அல்ல. தட்டியிருந்தால் நான்கு பேர் போயிருப்போம், நோனாவையும் சேர்த்து. இதை நான் பலமுறை கூட்டிப் பார்த்துவிட்டேன். அப்பா என்னைவிட அதிகமாகக் கூட்டிப் பார்த்திருப்பார்.

பாதிக் கதவு திறந்தது. பொன்னுசாமி அண்ணன் வந்தார். இரண்டு கையிலும் ரேடியோ. பெரியது, மரப்பெட்டி. அதன் கைப்பிடியில் சீட்டுத் தொங்கியது. திருத்த வந்த ஒவ்வொரு ரேடியோவிலும் சொந்தக்காரர் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டுவது அவர் வழக்கம். அந்தச் சீட்டைத்தான் அவர்களிடம் காட்டினார். சிங்களப் பெயர் என்று காட்டினார் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

ரேடியோ விழுந்த சத்தம். பிறகு வேறு சத்தம். அதை எழுத மாட்டேன்.

அவருடைய கால்கள் தெரிந்தன. நின்ற கால்கள். பிறகு கிடந்த கால்கள். வலது காலில் செருப்பு இருந்தது.

3.40 அளவில் அந்த வீடு பற்றியது. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடு நெருப்பில் வெடிக்கும்போது துவக்கால் சுடும் சத்தம் போலவே இருக்கும். எண்ணினேன். பதினொன்று. எண்ணுவதைத் தவிர எனக்கு அப்போது செய்ய ஒன்றும் இல்லை.

4.10. ஒரு வேன் வந்தது. சாம்பல் நிறம். இரண்டு பேர் அவரைத் தூக்கி ஏற்றினார்கள். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் கால்பக்கம். மெதுவாகத்தான் தூக்கினார்கள். அடித்தவர்களா, காப்பாற்ற வந்தவர்களா என்று தெரியாது. அப்போது உயிர் இருந்ததா என்று தெரியாது. வேன் மேட்டுப்பக்கம் போனதா, வீதிப்பக்கம் இறங்கியதா என்று தெரியாது. துளையில் அது தெரியவில்லை. எஞ்சின் சத்தம் தேய்ந்தது. அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு ஊரடங்கு என்று நோனாவின் ரேடியோ சொன்னது. அதைக் கேட்டுத்தான் பூட்டைத் திறந்தார். “தங்கச்சி, தண்ணி குடி,” என்று என்னிடம் தமிழில் சொன்னார். அவர் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் இராணுவ லொறி. ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இறக்கினார்கள். வகுப்பறைக்கு ஆறேழு குடும்பம். வெள்ளிக்கிழமை பிலிமத்தலாவையிலிருந்து லெட்சுமி அக்கா வந்து சேர்ந்தார். பொன்னுசாமி அண்ணனின் மனைவி. தங்கை வீட்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். அந்தத் தங்கையின் வீட்டுக்காரர் சிங்களவர்களோடு வியாபாரம் செய்பவர், அவர்கள் லொறியில் சாக்குக்கு அடியில் கிடந்து வந்ததாகச் சொன்னார். வகுப்பறை வாசலில் நின்று எங்களைத் தேடினார். அப்பாவைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அப்பா இருந்தால் தன் புருஷனும் இருப்பார் என்று நினைத்துவிட்டார்.

“அண்ணே, அவரு எங்கண்ணே?”

“வேன்ல ஏத்திட்டுப் போனாங்க தங்கச்சி.”

“எந்த வேன்? யாரு வேன்?”

“தெரியல.”

“உசுரு இருந்துச்சா?”

அப்பா தன் பாயை அவர் உட்கார விரித்தார்.

“நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

அந்தக் கேள்விக்கு அப்பா எண்பத்தேழு வயதில் இறக்கும்வரை பதில் சொல்லவில்லை. அவர் பார்க்கவும் இல்லை. துளை வழியாகப் பார்த்தது நான். அதை லெட்சுமி அக்காவிடம் அப்பா சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை.

பட்டியலுக்கு வருகிறேன்.

வருடாவருடம் ஜூன் மாதம் வாக்காளர் படிவம் வரும். கிராம சேவகர் வீடுவீடாகக் கொடுப்பார். சிங்களத்தில் இருக்கும். எங்கள் பக்கத்து மூன்று சந்துகளிலும் தமிழ் வீடுகள் இருபத்திரண்டு. அதை நிரப்பத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். நிரப்பிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா நிறுத்தவில்லை. இருபத்திரண்டு வீட்டுப் பெயரையும் ஒரே தாளில், சிங்கள எழுத்தில், வரிசையாக எழுதுவார். வீட்டு இலக்கம். குடும்பத் தலைவர் பெயர். தகப்பன் பெயர். எத்தனை வாக்கு. கார்பன் வைத்து மூன்று பிரதி. முதல் பிரதி கிராம சேவகருக்கு. மூன்றாவது வீட்டுக்கு. இரண்டாவதைக் கூட்டுறவுச் சங்கக் கடைச் சுவரில் ஒட்டுவார். அரிசிக்கும் சீனிக்கும் எல்லாரும் வருகிற இடம். பெயரில் பிழை இருந்தால் பார்த்துச் சொல்லட்டும் என்று ஒட்டினார். சட்டம் அப்படி ஒட்டச் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அது அப்பாவின் ஏற்பாடு.

பெயரைத் தவறாக எழுதியதால் பிரஜாவுரிமை போனவர்களை அவர் தினமும் கண்டார். ஒரு எழுத்து குறைந்ததால் தகப்பனும் மகனும் வேறு வேறு நாட்டுக்காரர் ஆனதை அவர் மேசையிலேயே பார்த்தார். அதனால் எனக்கு அவர் சொல்லித் தந்த முதல் பாடம் இதுதான்: பெயரை முழுதாக எழுது. இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுதாக எழுது. என் பள்ளிக்கூடக் கொப்பிகளில் முதலெழுத்தை மட்டும் போட்டால் கிழித்துவிட்டு வேறு உறை போடச் சொல்வார்.

பொன்னுசாமி அண்ணன் முதலில் சம்மதிக்கவில்லை. எண்பத்தோராம் ஆண்டு. அவருக்குப் பிரஜாவுரிமைத் தாள் வந்து சில மாதம். எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். அப்பா படிவத்தோடு நின்றார்.

“எனக்கு என்னத்துக்குண்ணே ஓட்டு? நான் யாருக்குப் போட்டாலும் செய்தி வாசிக்கிறது அதே ஆளுதான்.”

“பேரு இருக்கணும் பொன்னுசாமி. ஓட்டுப் போடு, போடாம இரு. பேரு இருக்கணும்.”

“இருந்தா?”

“இருந்தா நீ ஆளு. இல்லாட்டி நீ வெறும் சத்தம்.”

“சத்தம்தாண்ணே என் தொழிலு.”

உள்ளே அம்மா சிரித்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த விஷயத்தில் அவருக்கு எப்போதும் சிரிப்பு வராது.

“தகப்பன் பேரு சொல்லு.”

“கருப்பையா. ஆனா மேல் சந்துலயும் ஒரு பொன்னுசாமி இருக்கான்ண்ணே, நகரசபைத் தோட்டக்காரன். அவன் அப்பன் பேரும் கருப்பையா. அவன் ஓட்ட நான் போட்டு, என் ஓட்ட அவன் போட்டு, ரெண்டு பேரும் உள்ள போகவா?”

அப்பா யோசித்தார். படிவத்தில் ஒன்றும் செய்ய முடியாது. தன் பட்டியலில் செய்யலாம். பெயருக்கு முன்னால் அடைப்புக்குறி போட்டார். உள்ளே ‘ரேடியோ’ என்று எழுதினார்.

“இப்ப சரியா?”

“பட்டம் குடுத்துட்டீங்களே! இனி கவர்னருக்கு அடுத்தது நான்தான்.”

எண்பத்திரண்டு ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல். பொன்னுசாமி அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்குப் போட்டார். மை பூசிய விரலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பாவின் முகத்துக்கு முன்னால் நீட்டினார். “பாத்துக்கங்கண்ணே. ஆளு.” நான்கு நாள் அந்தக் கையால் ஈயம் பற்றவைக்கவில்லை. மை போய்விடுமாம்.

அப்பா வாக்குப் போடவில்லை. அவருக்குப் பிரஜாவுரிமை இல்லை, அம்மாவுக்கும் எனக்கும் இல்லை. புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அவர் பிறப்பைப் பதிந்த புத்தகம் கிடைக்கவில்லை. தோட்டத் துரை அலுவலகத்தில் கறையான் தின்றது என்றார்கள். ஊருக்கெல்லாம் எழுதியவரின் சொந்த விண்ணப்பம் பதினேழு வருடம் கச்சேரிக்குள்ளேயே கிடந்தது. ஆகவே இருபத்திரண்டு வீட்டுப் பட்டியலில் எங்கள் வீடு இல்லை. எங்கள் இலக்கத்துக்கு அரசாங்கப் பதிவில் இருந்த ஒரே பெயர் குசுமா நோனாவுடையது.

வெள்ளைச் சட்டைக்காரன் தாளில் விரலை இழுத்து ஏன் போனான் என்பதற்குக் காரணம் இதுதான். எங்களைக் காப்பாற்றியது அப்பாவுக்கு நாடு இல்லாதது.

முகாமில் பதின்மூன்று நாள். திரும்பி வந்த அன்று அப்பா வீட்டுக்குள் போகவில்லை. நேரே சங்கக் கடைக்கு நடந்தார். நானும் போனேன். சுவரில் பட்டியல் இல்லை. பசையின் நான்கு மூலை மட்டும் இருந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம்.

உள்ளே இருந்தவர் எங்களுக்குப் பழக்கமானவர். அப்பா சிங்களத்தில் கேட்டார். அவர் சிங்களத்தில் சொன்னார். மழையில் விழுந்திருக்கும் மாத்தயா. காற்று. யாராவது சிறுவர்கள். எனக்குத் தெரியாது. நான் அந்த வாரம் முழுதும் வரவில்லை. பொய் சொல்கிற முகமாக இல்லை. உண்மை சொல்கிற முகமாகவும் இல்லை. பயந்த முகம். எங்கள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வீட்டில் மூன்றாவது பிரதி இருந்தது. அப்பா அதை அடுப்பில் போட்டார். நான் பார்த்தேன். தடுக்கவில்லை. இப்போது அது இருந்திருந்தால் பல விஷயங்களைச் சரிபார்த்திருக்கலாம். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

எண்பத்துநான்கின் தொடக்கத்தில் லெட்சுமி அக்கா கப்பலேறினார். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம். அங்கிருந்து திருச்சிப் பக்கம். போய் ஆறாம் மாதம் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். விதவை என்று காட்டினால் அங்கே வீடு கொடுக்கிறார்கள். அதற்கு மரணச் சாட்சிப் பத்திரம் வேண்டும். “ஊருக்கே எழுதுற அண்ணன் எனக்கும் எழுதித் தரணும்” என்று இருந்தது.

அப்பா எழுதினார். அவர் எழுதிய பெட்டிசங்களிலேயே அதிக நாள் எடுத்தது அதுதான். சத்தியக் கடதாசியும் வேண்டும். இறந்ததைப் பார்த்தவர் யார் என்று கேட்கும். நான் சொன்னேன், “அப்பா, நான் பாத்தேன். என் பேர எழுதுங்க.”

“உன் பேரு வேண்டாம்.”

“நீங்கதானே முழுசா எழுதச் சொன்னீங்க?”

“சொன்னேன்.” பேனாவை மூடினார். “இப்ப வேண்டாங்கிறேன்.”

தன் பெயரை எழுதினார். பார்த்தேன் என்று எழுதினார். அவர் பார்க்கவில்லை. அறுபது வருடம் எழுதியதில் அவர் எழுதிய ஒரே பொய் அதுவாக இருக்கலாம். பதில் வந்தது. உடல் இல்லை, ஆஸ்பத்திரிப் பதிவு இல்லை, மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க முடியாது. மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் இல்லை. லெட்சுமி அக்காவின் கடிதங்களும் பிறகு நின்றன.

எண்பத்தெட்டில் புதுச் சட்டம் வந்தது. அப்பாவுக்கும் எங்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. தன் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தார். அடுத்த ஜூனில் வாக்காளர் படிவம் வந்தது. அப்பாவின் முன்னால் வைத்தேன். தள்ளிவிட்டார். நானே நிரப்பினேன். அம்மாவின் பெயர். என் பெயர். அவர் வரியில் பேனாவை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“என்னப்பா செய்ய?”

“எழுதுன்னு சொல்ல எனக்கு வாயில்ல. எழுதாதன்னு சொல்லவும் வாயில்ல. நீ படிச்ச புள்ள.”

அதுதான் அவர் எனக்குத் தந்த இரண்டாவது பாடம். அது பாடமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. முதல் பாடத்தை அவர் திரும்பப் பெறவில்லை. அதைத் தொடரச் சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அவர் பெயரை எழுதினேன். முழுதாக எழுதினேன். ஒவ்வொரு வருடமும் எழுதினேன். அவர் ஒருமுறைகூட வாக்குச் சாவடிக்கு வரவில்லை.

பிறகு நாங்கள் குடிபோன புதிய வீட்டு வாசலில் பெயர்ப்பலகை வைக்கவிடவில்லை. கச்சேரி வாசலுக்குத் திரும்பிப் போய் மறுபடி எழுதினார், எண்பத்தைந்திலிருந்து. ஒரு தாளில் ஒரு ஆளுடைய பெயர்தான். இரண்டு குடும்பம் ஒரே மனுவில் போட வந்தால் பிரித்து இரண்டாக எழுதுவார். கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை. மனுசனுக்கு வயசாயிட்டு, கிறுக்குப் புடிச்சிட்டு என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் காதிலும் விழுந்தது.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். பேராதனை ஆஸ்பத்திரிக் கட்டிலில், இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். பகல் இரண்டு மணி இருக்கும்.

“அந்தத் தாளு நீலமா இருந்துச்சா?”

எந்தத் தாள் என்று நான் கேட்கவில்லை. கார்பன் பிரதி என்றால் எழுத்து நீலமாக இருக்கும். அரசாங்கப் பட்டியல் என்றால் கறுப்பு. நாற்பது வருடத்துக்கு மேல் அவர் என்னிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

நான் பார்த்தது தாளின் பின்பக்கம். எழுத்து இருந்த பக்கம் வெள்ளைச் சட்டையைப் பார்த்திருந்தது. மடிப்புக்கோடு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. இல்லைப்பா, கறுப்புதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும் என்று அம்மா இப்போதும் சொல்கிறாள். நான் சொன்னது, “எழுத்துப் பக்கம் எனக்குத் தெரியலப்பா.”

“சரி,” என்றார். “தெரியாததத் தெரியலன்னுதான் சொல்லணும்.” கண்ணை மூடினார்.

இந்த ஒரு வருடத்தில் நான் தேடியது இவ்வளவு. அன்றைய கலவரத்தில் பல ஊர்களில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்து வந்தார்கள் என்று அச்சில் உள்ளது. ஆகவே அது அரசாங்கப் பட்டியலாக இருந்திருக்கலாம். அதிலும் எங்கள் பெயர் இருந்திருக்காது. ஆனால் அரசாங்கப் பட்டியலில் ‘ரேடியோ’ இல்லை. அது அப்பாவின் தாளில் மட்டுமே இருந்த சொல். அதே சமயம், அந்த மூன்று சந்திலும் அவரை ‘ரேடியோ’ என்று சொல்லாத ஆள் இல்லை, சிங்களவர் உட்பட. வந்தவர்களில் ஒருவன் ஊர்க்காரனாக இருந்தால் தாள் இல்லாமலே அப்படிக் கூப்பிட்டிருப்பான். நான் பார்த்த எட்டுப் பேரில் ஊர்க்காரர் இல்லை. பார்க்காதவர்களில் இருந்தார்களா என்று தெரியாது.

கிராம சேவகர் இறந்துவிட்டார். சங்கக் கடைக்காரர் இறந்துவிட்டார். குசுமா நோனா இறந்துவிட்டார். அவருடைய மகன் வெளிநாட்டில். தொலைபேசியில் பேசினேன். அம்மா அதைப் பற்றி வீட்டில் பேசவிட்டதில்லை என்றார். ஆஸ்பத்திரிப் பதிவறையில் கேட்டேன். அந்த வருடத்துப் புத்தகங்கள் இப்போது இல்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒரு கதிரை போட்டு உட்காரச் சொன்னார்கள்.

கணக்கு இது. என்னால் சரிபார்க்க முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்று சந்துகளில் தமிழ் வீடுகள் இருபத்துமூன்று, எங்களையும் சேர்த்து. எரிந்தவை ஒன்பது. ஒன்பதும் பட்டியலில் இருந்த வீடுகள். உடைக்கப்பட்டவை எட்டு. எட்டும் பட்டியலில் இருந்த வீடுகள். கை வைக்காமல் விட்டவை ஆறு. அவற்றில் ஐந்து பட்டியலில் இருந்தவை. ஏன் விட்டார்கள் என்று தெரியாது. ஆறாவது எங்களுடையது.

முகாமிலிருந்து அதே வீட்டுக்குத் திரும்பிய குடும்பங்கள் ஏழு. இந்தியாவுக்குப் போனவை பதினொன்று. வேறு ஊர்களுக்குப் போனவை ஐந்து. இன்று அந்த மூன்று சந்திலும் எங்கள் ஆட்களின் வீடு ஒன்று.

காயப்பட்டவர் நான்கு பேர். மேல் சந்துத் தோட்டக்காரர் பொன்னுசாமி அவர்களில் ஒருவர். இடது கை முடமாகிப் பதினொரு வருடம் வாழ்ந்தார்.

திருத்தக் கொடுத்திருந்த ரேடியோக்கள் முப்பதுக்கு மேல் என்று லெட்சுமி அக்கா சொன்னார். எண்ணிப் பார்த்தவர் இல்லை.

ஆள் இழப்பு ஒன்று. கருப்பையா பொன்னுசாமி, ரேடியோ திருத்துபவர், வயது முப்பத்தொன்பது. இறந்தார் என்று எந்தப் பதிவிலும் இல்லை.

வெள்ளைச் சட்டைக்காரன் கையில் இருந்தது சங்கக் கடைச் சுவரில் அப்பா ஒட்டிய இரண்டாவது பிரதியா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.